இரண்டாவது குண்டூசி

அந்தப் பள்ளியில் அவளை மேப் டீச்சர் என்றால்தான் தெரியும். பூகோளம் எடுக்கிறவள். எந்த வகுப்புக்குப் போனாலும் கக்கத்தில் சுருட்டின வரைபடம் ஒன்று இருக்கும், அதனால் வந்த பெயர். சொந்த நாட்டில் தலை நரைக்கிற வரைக்கும் பாடம் நடத்தியவள். வெளிநாட்டு வேலைக்கு உத்தரவு வந்தபோது, "இந்த வயசுல எவளாவது தனியா வெளிநாடு போவாளா?" என்று வீடே கூடிக் கேட்டது. "போனா என்ன?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு விமானம் ஏறினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "நேரம் கிடைக்கலை" என்பாள். அதற்கு மேலும் கேட்கிறவர்கள் முன்னால் பரீட்சைத் தாள்கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு திருத்த ஆரம்பித்துவிடுவாள்.

பிழைக்கப் போன நம்மவர்களின் பிள்ளைகள் நிறையப் படிக்கிற பள்ளி அது. மைதானத்தில் சண்டை தமிழில்தான் நடக்கும். கணக்கு டீச்சரும் இவளும் சேர்ந்து ஒரு சின்ன வீடு எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு அறை, ஒரே அடுப்பு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேர் கீழே பஸ் ஸ்டாண்டு. விடிந்ததும் விடியாததுமாக ஊர் ஊராகப் பேர் சொல்லிக் கூவி ஆள் ஏற்றுவார்கள். அந்த ஊர்களில் ஒவ்வொன்றிலும் என்ன மண், எவ்வளவு மழை, என்ன விளையும் என்று மேப் டீச்சரைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள். ஆனால் ஒன்றிலாவது போய் இறங்கியிருக்கிறாளா என்று கேளுங்கள். கிடையாது. கடலைப் பார்த்ததே விமான ஜன்னல் வழியாக, அதுவும் இறக்கைக்குப் பக்கத்துச் சீட்டு, பாதியை இறக்கை மறைத்துவிட்டது.

லீவு இல்லையா என்றால், ஏன் இல்லை? வருஷத்துக்கு ஒரு பெரிய லீவு உண்டு. அந்த லீவு எங்கே போயிற்று என்பதுதான் கதை.

லீவு விட்ட மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவாள். அண்ணன் வீடு. அம்மா அங்கேதான் இருக்கிறாள். இவள் வருகிறாள் என்று தெரிந்தால் அந்த வீட்டில் நடக்கிற கொண்டாட்டமே தனி. முதலில் சமையல்கார அம்மாவுக்கு லீவு. அடுத்து வீடு பெருக்குகிற பெண்ணுக்கு லீவு. கடைசியாக அண்ணன் குடும்பத்துக்கே லீவு. இவள் உள்ளே நுழைகிற நேரத்தில் அவர்கள் வெளியே கிளம்பிக்கொண்டிருப்பார்கள். ஒரு வருஷம் மலைவாசஸ்தலம், ஒரு வருஷம் கடற்கரை. சாவி, அம்மாவின் மாத்திரை டப்பா, மாடிச் செடிகள், எல்லாவற்றையும் இவள் கையில் கொடுத்துவிட்டு, "டீச்சர் வந்துட்டா, இனி கவலையில்ல" என்று அண்ணன் வண்டி ஏறிவிடுவான். அவள் அறையில் அவளுக்கே இடம் கிடையாது. கட்டில் மேல் அண்ணி வாங்கிப்போட்ட உடற்பயிற்சி சைக்கிள் ஏறி உட்கார்ந்திருக்கும். ஹாலில் பாய் விரித்துப் படுப்பாள். திரும்புகிற நாளுக்கு முந்தின நாள் அவர்கள் வெயிலில் கறுத்து, சிரித்துக்கொண்டு வந்து இறங்குவார்கள். இதற்குப் பெயர் இவளுடைய லீவு! கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது, அவள் எப்படித்தான் பொறுத்தாளோ.

அம்மாவுக்காகத்தான் பொறுத்தாள், வேறென்ன. அம்மாவையும் அவர்கள் எங்கும் கூட்டிப் போனதில்லை. "அத்தைக்கு வண்டி ஒத்துக்காது" என்று அண்ணி என்றைக்கோ சொன்னாள். அது அப்படியே நின்றுவிட்டது.

இனி குண்டூசிக்கு வருவோம். அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். லீவு முடிந்து திறக்கிற அன்று பாடம் கிடையாது. எல்லாரும் ஹாலில் கூட வேண்டும். சுவர் முழுக்க ஓர் உலகப்படம். யார் எந்த ஊருக்குப் போனார்களோ அங்கே ஒரு வண்ணக் குண்டூசி குத்தி, போன கதையை மேடையேறிச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் மட்டுமில்லை, வாத்தியார்களும்தான். குண்டூசி டப்பா மேப் டீச்சர் பொறுப்பு. எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைசியாகத் தன்னுடையதைக் கொண்டுபோய் எப்போதும் குத்துகிற இடத்திலேயே குத்துவாள். "ஊருக்குப் போனேன். அம்மாவைப் பார்த்தேன். வந்தேன்." இறங்கிவிடுவாள்.

போன வருஷம் குத்தினாள், குண்டூசி நிற்கவில்லை. பொத்தென்று கீழே விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடியும் குத்தினாள். மறுபடியும் விழுந்தது. அப்போது முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், வாயாடி என்று வகுப்பே பட்டம் கொடுத்திருந்த பெண், ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "டீச்சர், ஒரே ஓட்டையில குத்திக் குத்தி ஓட்டை பெரிசாயிடுச்சு. இனிமே அங்க நிக்காது டீச்சர்."

ஹாலே சிரித்தது. மேப் டீச்சரும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் அந்த வார்த்தை மனசில் தைத்துவிட்டது. சோறு வடிக்கும்போது, தாள் திருத்தும்போது, ஜன்னலுக்குக் கீழே பஸ்காரர்கள் கூவும்போது, இனிமே அங்க நிக்காது, இனிமே அங்க நிக்காது என்று காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

இந்த வருஷம் லீவு விட்டது. குடும்பக் குழுவில் அவள் ஒரு செய்தி போட்டாள்.

"லீவு விட்டாச்சு. காலையில ஊருக்குக் கிளம்புறேன்."

எந்த ஊருக்கு? அதைத்தான் எழுதவில்லை! நம் பாஷையில் இது ஒரு வசதி. பிறந்த இடமும் ஊர்தான், பார்க்கப் போகிற இடமும் ஊர்தான். 'வர்றேன்' என்று போட்டிருந்தால் பொய். 'போறேன்' என்று போட்டிருந்தால் அண்ணனுக்குச் சந்தேகம் வந்திருக்கும். 'கிளம்புறேன்' என்று போட்டாள் பாருங்கள், அங்கேதான் வாத்தியார் புத்தி வேலை செய்தது.

கணக்கு டீச்சர் போனை வாங்கிப் படித்தாள். அவள் வயதில் சின்னவள், வாயில் பெரியவள்.

"ஏங்க்கா, இது பொய் இல்லையா?"

"எங்க பொய் இருக்கு? ஒரு எழுத்து காட்டு பார்ப்போம்."

"எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. தெம்பிருந்தா அந்த ஊர் பேரைப் போடுங்களேன்?"

மேப் டீச்சர் துணிகளை மடித்துப் பையில் அடுக்கினாள். தெம்பு இல்லை என்பதுதான் உண்மை. பெரிய பெட்டியைப் பரண் மேலேயே விட்டுவிட்டு, பள்ளிக்குக் கொண்டுபோகிற தோள்பையோடு கீழே இறங்கி, அந்த ஊர்ப் பேரைக் கூவின முதல் பஸ்ஸில் ஏறினாள்.

பஸ் ஊரைத் தாண்டவில்லை, அண்ணி கூப்பிட்டுவிட்டாள்.

"கிளம்பிட்டியாம்மா? நாங்களும் நாளைக்குக் கிளம்புறோம், வண்டி பேசியாச்சு. சமையல்காரம்மாவை நேத்தே அனுப்பிட்டேன். சாவி அத்தைகிட்ட இருக்கு. அத்தை மாத்திரை பிரிட்ஜ் மேல. செடிக்குத் தண்ணி ஊத்த மறந்துடாத, போன தடவை ரெண்டு வாடிப்போச்சு."

"அண்ணி, நான் வந்து..."

"வந்து பேசிக்கலாம்மா, தலைக்கு மேல வேலை கிடக்கு" என்று வைத்துவிட்டாள்.

போன தடவை இரண்டு செடி வாடினதாம். அதைச் சொல்ல மறக்கவில்லை பாருங்கள். ஹாலில் பாய் போட்டுப் படுத்தாளே, அவள் முதுகைப் பற்றி ஒருத்தர் விசாரித்ததில்லை. அந்தச் செடிப் பேச்சு வராமல் இருந்திருந்தால் மேப் டீச்சர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பியிருப்பாளோ என்னவோ. சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

அவள் போய் இறங்கியது ஒரு துறைமுக ஊர். ஆறு கடலில் சேருகிற இடம். கழிமுகம் என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் கிளுகிளு என்று சிரிப்பார்கள், அதை அதட்டி அதட்டியே வருஷங்கள் ஓடியிருந்தன. நீலச் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, முனையில் விசிறி மாதிரி பிரித்துவிட்டு, "இதுதான், எழுதிக்குங்க" என்பாள். இப்போது அதன் கரையில் நின்றாள். கோடும் இல்லை, விசிறியும் இல்லை. ஒரு பக்கம் பழுப்புத் தண்ணீர், மறு பக்கம் பச்சைத் தண்ணீர். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, சட்டென்று கலக்கமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தன. "அடிப்பாவி, இத்தனை வருஷம் தப்பா வரைஞ்சிருக்கேனே" என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலம் அந்த ஊரின் ஆண்டு விழா. தெரு முழுக்க வண்ணக் காகிதம் கட்டியிருந்தார்கள். மேளமும் ஊதலுமாக ஊர்வலம் வந்தது. கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், கடையை மூடாமல் அப்படியே விட்டுவிட்டு வந்தவர்கள், எல்லாரும் ஆடிக்கொண்டு போனார்கள். வேடிக்கை பார்க்கிறவர்களைச் சும்மா நிற்க விடமாட்டார்கள் போலிருக்கிறது, கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். ரொட்டிக்கடைக்காரி ஒருத்தி இவளைப் பார்த்துக் கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடித்தது. அண்ணன். வீடியோ கால்.

எடுக்காமல் விடலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். எழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இன்னும் இடம் இருந்தது. ஆனால் எடுத்தாள். அங்கேதான் அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

"இறங்கிட்டியா?" என்றான் அண்ணன். பிறகு கண்ணைச் சுருக்கினான். "என்னம்மா, ஏர்போர்ட்ல மேளம் அடிக்கிறாங்க?"

"இது ஏர்போர்ட் இல்லண்ணா."

"பின்ன?"

"ஊரு."

"எந்த ஊரு?"

பேரைச் சொன்னாள். அவன் வாயில் அது நுழையவில்லை.

"அங்க யாரு இருக்கா உனக்கு?"

"யாரும் இல்ல. அதான் வந்தேன்."

"விளையாடுறியா? ஊருக்குக் கிளம்புறேன்னு போட்டியே!"

"கிளம்பினேன். வந்து சேர்ந்துட்டேன். உங்களுக்கு ஊருன்னா ஒண்ணுதான். எனக்கு நிறைய இருக்குண்ணா, அதைச் சொல்லிக் கொடுத்துத்தானே சாப்பிடுறேன்."

அண்ணனுக்கு முகம் சிவந்தது. "நாங்க வண்டி பேசிட்டோம். அம்மாவை யாரு பார்த்துக்கிறது?"

"கூட கூட்டிக்கிட்டுப் போங்க."

"அவங்களுக்கு வண்டி ஒத்துக்காதுன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியாது. ஒரு தடவையாவது ஏத்திப் பார்த்தீங்களா?"

"ஊர் சுத்துறதுக்குத்தான் வெளிநாடு போனியா நீ? இந்த வயசுல? ஊர்சுத்தி!"

அந்த வார்த்தை ஆணுக்குச் சொன்னால் செல்லம், பெண்ணுக்குச் சொன்னால் அடி. சின்ன வயதில் சாயங்காலம் தோழி வீட்டுக்குப் போய் வந்தாலே வாசலில் வைத்து அவளுக்குக் கிடைத்த வார்த்தை. அப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓடியிருக்கிறாள்.

"ஆமாண்ணா. ஊர்சுத்திதான்" என்றாள் இப்போது. "பூகோள டீச்சர் ஊரைச் சுத்தாம வேற எதைச் சுத்துவா?"

அண்ணன் குரலை இறக்கினான். கத்தும்போது அவனைக் கண்டு பயமில்லை, குரல் இறங்கினால்தான் பயம். "நல்லாக் கேட்டுக்க. உடனே கிளம்பி வரலைன்னா, இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்காத. அம்மா மூஞ்சிலயும் முழிக்காத."

மற்றதெல்லாம் போகட்டும். வீடு, அறை, கட்டில், அவளுக்கென்று அங்கே என்ன மிச்சம் இருந்தது, விட்டுக்கொடுக்க? ஆனால் அம்மா! வர்றேண்ணா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வந்தால் என்ன ஆகும்? பாய், சாவி, மாத்திரை டப்பா. அடுத்த வருஷமும் அதே ஓட்டை.

"நான் வரலைண்ணா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ரொட்டிக்கடைக்காரி நீட்டின கையை இன்னும் மடக்கவில்லை. என்ன சண்டை என்று அவளுக்குப் பாஷை புரிந்திருக்காது, முகம் புரிந்திருக்கும். மேப் டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் இறங்கினாள். பள்ளி ஆண்டு விழாவில்கூட மைக் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றவள். அழுகையும் வந்தது, ஆட்டமும் வந்தது, எதையும் அடக்கவில்லை.

மறுநாள் காலையில் குடும்பக் குழுவில் பார்த்தால் அவளை நீக்கியிருந்தார்கள். சரி, நீக்கட்டும். அம்மாவிடம் ஒரு போன் உண்டு, அண்ணன் மகன் வேண்டாமென்று தூக்கிப்போட்டது, கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, பேசி அனுப்பினால் கேட்பாள். அதற்கு அனுப்ப ஆரம்பித்தாள்.

"அம்மா, நான்தான். கடல்கிட்ட நிக்கிறேன். சத்தம் கேக்குதா? இரு, போனை நீட்டுறேன்."

"அம்மா, நேத்து நடுத்தெருவுல ஆடினேன். நெசமாத்தான். ஒருத்தரும் அடிக்கலை."

"அம்மா, இன்னைக்கு மலைக்கு வந்தேன். அந்த ஆறு இங்கதான் பொறக்குதாம். ஒரு குடம் வெச்சா ரொம்ப நேரம் ஆகும் நிறைய. அவ்வளவு சின்னது. அதுவா அங்க போய் கடலையே தள்ளுதுன்னு நம்ப முடியலை."

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நீல டிக் விழுந்தது. கேட்கிறாள். ஆனால் பதில் ஒன்றும் வரவில்லை. கூப்பிட்டால் எடுக்கவில்லை. அண்ணன் எடுக்க விடவில்லையா, அம்மாவே கோபமாக இருக்கிறாளா, தெரியவில்லை. லாட்ஜில் சாப்பாடு இறங்காமல் எழுந்த நாள் உண்டு. வீட்டுக்குப் போகிற விமானத்துக்கு விசாரிக்கலாமா என்று தோன்றின நாளும் உண்டு. தோன்றினது, போகவில்லை. அம்மா மூஞ்சியில் முழிக்காதே என்று சொல்ல அவன் யார், எனக்கும் அவள் அம்மாதானே என்று ஆத்திரம் ஆத்திரமாக வரும். அந்த ஆத்திரத்தோடேயே அடுத்த பஸ் ஏறினாள். லீவு முடிகிற வரைக்கும் சுற்றினாள், கால் செருப்பு தேய்கிற வரைக்கும்.

பள்ளி திறந்தது. ஹாலில் நாற்காலி இழுக்கிற சத்தம். மேப் டீச்சர் குண்டூசி டப்பாவோடு வராந்தாவில் வந்துகொண்டிருந்தபோது போன் முணுமுணுத்தது. அம்மா. ஒரு பேச்சுச் செய்தி. தூணோரம் ஒதுங்கிக் காதில் வைத்தாள். அம்மா திருட்டுத்தனமாகப் பேசுகிற மாதிரி கிசுகிசுவென்று பேசினாள்.

"நான்தான்டி. இதுல எதை அமுக்கினா பேச்சு போகும்னு பேரன் இப்பத்தான் சொல்லிக் குடுத்தான். நீ பேசினதெல்லாம் கேட்டேன். ராவுக்கு ஒருதரம், காலையில ஒருதரம். அன்னைக்கு உங்கண்ணன் குதியா குதிச்சான். என்னை எங்க விடறதுன்னு தெரியலை, சமையல்காரியும் இல்ல. கடைசியில வண்டியில ஏத்திக்கிட்டான். முன் சீட்டு! எனக்கு ஒண்ணும் ஆகலைடி. உங்க அண்ணிதான் வழியெல்லாம் வாந்தி."

அம்மா சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது.

"அருவி பார்த்தேன். கால் நனைச்சேன். வேண்டாம் வேண்டாம்னு அவன் கத்துறான், நான் எறங்கிட்டேன். தண்ணி என்னா ஜில்லுங்கிற! போட்டோ எடுத்தான், உனக்கு அனுப்ப மாட்டான், கோவம் இன்னும் எறங்கலை. அவன் கெடக்கான். இங்க பாரு, ஒண்ணு சொல்றேன் கேளு. அடுத்த லீவுக்கும் நீ வந்துடாதே, என்ன? நீ வந்தா என்னை மறுபடி வீட்டுல வெச்சுட்டுப் போயிருவானுங்க. ஒரு வருஷம் போகட்டும். அப்புறமா என்னையும் அங்க கூட்டிக்க. வெக்கிறேன், யாரோ வராங்க."

மேப் டீச்சர் தூணில் சாய்ந்து நின்றாள். சிரித்தாள். கண்ணிலிருந்து கொட்டுகிறது, துடைக்கக் கை இல்லை, டப்பா ஒரு கையில், போன் ஒரு கையில். கணக்கு டீச்சர் ஓடிவந்து, "என்னக்கா, என்ன ஆச்சு?" என்று பதறினாள். "ஒண்ணும் இல்ல. எங்கம்மா என்னை வராதேன்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஹாலுக்குள் போனாள்.

அன்றைக்கு அவள் மேடையில் நின்றது அந்தப் பள்ளியில் இன்றும் பேச்சு. போனேன், பார்த்தேன், வந்தேன் இல்லை. பழுப்புத் தண்ணீரும் பச்சைத் தண்ணீரும் சண்டை போட்டது, தெருவில் ஆடினது, வலைக்காரர் திரும்பிப் பார்த்தது, எல்லாம் சொன்னாள். கழிமுகம் என்று சொன்னபோது பிள்ளைகள் வழக்கம்போல் சிரித்தார்கள், இந்த முறை அதட்டவில்லை. "இவ்வளவு நாள் நான் வரைஞ்சது தப்பு, நாளைக்கு எல்லாரும் அழிச்சிட்டு வேற வரையணும்" என்றாள். பிரின்சிபால் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

முடித்துவிட்டுப் படத்தண்டை போனாள். துறைமுக ஊரில் ஒரு குண்டூசி குத்தினாள். புது இடம், சுவர் கெட்டி, லேசில் இறங்கவில்லை. கரும்பலகை டஸ்டரை எடுத்து அதன் கட்டையால் ஒரே போடு போட்டாள், இறங்கியது. பிறகு டப்பாவிலிருந்து இன்னொன்று எடுத்தாள், சிவப்பு. சொந்த நாட்டுப் பக்கம் நகர்ந்தாள். அந்தப் பழைய ஓட்டையில் குத்தவில்லை. அதற்கு ஒரு விரற்கடை மேலே, அருவி இருக்கிற இடத்தில் வைத்து அடித்தாள்.

முதல் வரிசையிலிருந்து வாயாடி எழுந்தாள். "டீச்சர், ஆளுக்கு ஒண்ணுதானே? ரெண்டாவது யாருக்கு?"

"எங்கம்மாவுக்கு" என்றாள் மேப் டீச்சர். "எங்க வீட்டுல இப்ப ரெண்டு ஊர்சுத்தி."